புங்க மரத் தெருவில் ஒரு குற்றவாளி

“எங்க தெருக் காத்தை யாரோ கெடுக்குறாங்கம்மா. ஆள் யாருன்னு நீங்கதான் சொல்லணும்.”

ஏகாம்பரம் இப்படித்தான் ஆரம்பித்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

அவர் அந்த நகரத்தின் திட்ட அதிகாரி. எந்தத் தெருவில் எத்தனை மாடி கட்டலாம், எந்த பஸ் எந்த வழியாகப் போகலாம், எங்கே மரம் நடலாம் என்பதெல்லாம் அவர் மேஜையில்தான் முடிவாகும்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் தையல்நாயகி. அவரைவிடப் பத்து வயது இளையவர். ஒரு காலத்தில் ஊர்களுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, சைக்கிள் கடைக்கு மேலே ஒரு வாடகை வீட்டில் சும்மா உட்கார்ந்துவிட்டார்.

சும்மா உட்கார்ந்தவரைத் தேடி நம் ஊரில் ஆள் வராமல் இருக்குமா? வந்தார்கள். குரு என்றார்கள். அவர் மறுக்கவில்லை. மறுத்தால் இன்னும் கூட்டம் சேரும் என்று பயம்.

“என்ன நடந்தது?” என்று கேட்டார்.

ஏகாம்பரம் சொன்னார். அவருடைய மனைவி பிரகதாம்பாளுக்கு மூச்சு இழுக்கிறது. முன்பெல்லாம் கிடையாது. இப்போது ராத்திரியில் தலையணையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். இத்தனைக்கும் நகரத்திலேயே பசுமையான தெரு அவர்களுடையது. இரண்டு பக்கமும் புங்க மரம். வெயில் தரையில் விழாது. நல்ல காற்று வாங்கட்டும் என்று தினமும் சாயங்காலம் அவளைப் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறார். அப்படியும் இழுக்கிறது.

“யார் மேல சந்தேகம்?”

“மாவு மில்லுக்காரன் மேல. மிளகாய் அரைக்கிறான். நான் அந்தப் பக்கம் போனா எழுந்து நின்னு கும்பிடறான். மடியில கனம் இல்லேன்னா எதுக்கு இவ்வளவு மரியாதை?”

தையல்நாயகி ஜன்னலைப் பார்த்தார். பிறகு, “பார்த்துட்டு வாங்க” என்றார்.

ஏகாம்பரம் போனார்.

கொஞ்ச நாளில் திரும்பி வந்தார். மில்லில் மோட்டார் புகைந்துபோய், கடையையே சாத்திவிட்டார்களாம். மிளகாய் நெடி இல்லை. பிரகதாம்பாளுக்கு மட்டும் இழுப்பு கூடியிருக்கிறது.

“வேற யாரு?” என்றார் தையல்நாயகி.

எதிர் அடுக்குமாடியின் காவலாளி. அவன் சருகு கொளுத்துகிறான் என்று ஏகாம்பரத்துக்கு ஒரு எண்ணம். திரைச்சீலைக்குப் பின்னால் நின்று வேவு பார்த்திருக்கிறார். அவன் கொளுத்தவில்லை. குழி வெட்டி, சருகைக் கொட்டி, மண் போட்டு மூடினான்.

“உரம் போடறான்” என்றார் தையல்நாயகி.

“எதையோ மறைக்கிறான்” என்றார் ஏகாம்பரம்.

அதற்கு மேல் அவரிடம் என்ன பேசுவது? சந்தேகம் வந்தவனுக்கு அரசமரமும் பேய்தான். தையல்நாயகி எழுந்துபோய்ச் சோற்றை வடித்தார். வந்தவர் தானாகவே எழுந்து போனார்.

மூன்றாவது முறை வந்தபோது ஏகாம்பரம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

“ஆள் கிடைச்சாச்சும்மா. என் வீட்டுக்காரிதான்.”

“எப்படிச் சொல்றீங்க?” என்றார் தையல்நாயகி.

அவர் விளக்கினார். பிரகதாம்பாள் மன்னார்குடியில் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தாள். அங்கே ஒரு தடவைகூட இழுக்கவில்லை. படுத்துத் தூங்கியிருக்கிறாள். நன்றாகச் சாப்பிட்டு, கோயிலுக்கு நடந்தே போயிருக்கிறாள். திரும்பி வந்தாள். அன்று சாயங்காலம் பால்கனியில் உட்கார வைத்தார். உடனே ஆரம்பித்துவிட்டது.

“தங்கச்சி வீட்டோடயே போய் இருக்கணும்னு அவளுக்கு ஆசை. அதுக்கு இந்த நடிப்பு. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவ. என்கிட்டயே.”

தையல்நாயகிக்குக் கோபம் வந்தது. குரு என்றால் கோபம் வராது என்பதெல்லாம் சீடர்கள் கட்டிவிட்ட கதை. தண்ணீர்ச் செம்பை எடுத்து ஒரு மடக்குக் குடித்துவிட்டு வைத்தார்.

“வேற யாரு?”

ஏகாம்பரம் தயங்கினார். தலையைக் குனிந்துகொண்டார்.

“கேட்டதால சொல்றேன், தப்பா நினைக்கக் கூடாது. உங்க மேலயும் எனக்கு ஒரு இது உண்டு. எங்க தெருவுல மரம் நட்ட அன்னிக்கு ஊரே கை தட்டுச்சு. நீங்க மட்டும் தட்டலை. அண்ணாந்து பார்த்துட்டு, சுண்டல்கூட வாங்காம போயிட்டீங்க.”

தையல்நாயகி முதல்முறையாகச் சிரித்தார்.

“சரி. நாளைக்குச் சாயங்காலம் உங்க தெருவுக்கு வரேன். ஆளைப் பிடிச்சுத் தரேன்.”

ஏகாம்பரத்துக்கு அன்றைக்கு நிம்மதி இல்லை. இவ்வளவு சுலபமாகப் பிடித்துத் தருகிறேன் என்றால், இந்த அம்மாளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. முன்பே தெரிந்ததை ஏன் சொல்லவில்லை?

மறுநாள் அலுவலகம் விடும் நேரத்துக்குத் தையல்நாயகி வந்தார். கையில் ஒரு தூபக்கால். அதில் தணல் போட்டிருந்தது. மடியில் ஒரு பொட்டலம் சாம்பிராணி.

தெரு குறுகலானது. இரண்டு பக்கமும் ஐந்து ஐந்து மாடி, சுவரோடு சுவர் ஒட்டி. நடுவில் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமிக்கொண்டு ஊர்ந்தன. மேலே புங்க மரங்களின் கிளைகள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை பின்னிக்கிடந்தன. கல்யாணப் பந்தல் போல ஒரு ஓட்டை இல்லை. வானம் எந்தத் திசை என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

“அழகா இருக்கு” என்றார் தையல்நாயகி. “முன்னாடி எல்லாம் ஓட்டு வீடா இருந்ததே. இவ்வளவு மாடிக்கு யார் அனுமதி குடுத்தது?”

“நான்தான்” என்றார் ஏகாம்பரம். “ஊர்ல வீடு பத்தலை.”

“இந்த பஸ்?”

“நான்தான் திருப்பி விட்டேன். பெரிய ரோட்டுல நெரிசல்.”

“மரம் இவ்வளவு நெருக்கமா?”

“அதுவும் நான்தான்.” ஏகாம்பரத்தின் நெஞ்சு நிமிர்ந்தது. “ரெண்டு மரத்துக்கு நடுவுல இடைவெளி விடணும்னாங்க. விடலை. காத்து சுத்தமாகட்டும்னு நெருக்கி நட்டேன்.”

தையல்நாயகி தலையாட்டினார். “மாடிக்குப் போங்க. உங்க வீட்டம்மாவை உள்ள அனுப்பிக் கதவைச் சாத்திக்கச் சொல்லுங்க. அவங்க நாற்காலியில நீங்க உக்காருங்க. ஆள் அங்கேதான் வருவான்.”

ஏகாம்பரம் படியேறினார். இரண்டாவது மாடி. பிரகதாம்பாள் எழுந்து உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடி வழியாகப் பார்த்தாள். ஏகாம்பரம் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தார். யார் வரப்போகிறார்கள் என்று தெருவின் இரண்டு முனைகளையும் மாறி மாறிப் பார்த்தார். மில்லுக்காரன் எழுந்து நின்றான். காவலாளி வாசலுக்கு வந்தான். இருவரையும் ஏகாம்பரம் முறைத்தார்.

கீழே தையல்நாயகி மரத்தடியில் தூபக்காலை வைத்து, பொட்டலத்தை மொத்தமாகத் தணலில் கொட்டினார்.

வெள்ளைப் புகை எழுந்தது. பஸ்ஸின் கூரையைத் தாண்டியது. முதல் மாடியைத் தாண்டியது. கிளைகள் வரை போனது.

அங்கே நின்றது.

இடது பக்கம் நகர்ந்தது, சுவர். வலது பக்கம் நகர்ந்தது, சுவர். மேலே இலை. போக வழி தெரியாமல் புரண்டு, மெல்ல இறங்கி, ஏகாம்பரத்தின் பால்கனிக்குள் வந்தது. அங்கேயே தங்கிவிட்டது.

ஏகாம்பரம் இருமினார். இன்னும் இருமினார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. கையால் விசிறினார். விசிறிய புகை சுற்றிக்கொண்டு மறுபடியும் அவரிடமே வந்தது. கீழே பஸ்கள் உறுமின. அவற்றின் புகை கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் அது எந்த வழியாக வரும், எங்கே வந்து உட்காரும் என்று அவருக்கு இப்போது தெரிந்துவிட்டது.

எழுந்து கதவைத் திறந்து உள்ளே போய், சட்டென்று சாத்தினார்.

பிரகதாம்பாள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்தார். அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அழுகை வந்தது. சாம்பிராணியால் என்று சொல்லிக்கொள்ளலாம்.

“பெட்டியை எடுத்து வை” என்றார். “காலையில மன்னார்குடிக்குப் போயிடு. நானே கொண்டுபோய் விடறேன்.”

“நான் நடிக்கலைங்க.”

“தெரியும்.”

“இப்பத்தான் தெரியுமா?”

அவள் பெட்டியை எடுக்கப் போனாள். மூச்சு இழுக்கும் சத்தம் உள் அறையிலிருந்து கேட்டது. அதைக் கேட்கக் கேட்க அவருக்கு ஆத்திரம் பொங்கியது.

கதவைத் திறந்துகொண்டு பால்கனிக்கு ஓடினார். கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே குனிந்தார்.

“கண்டுபிடிச்சுட்டேம்மா. எல்லாம் இந்த மரங்களோட வேலை. நாளைக்கே ஆள் விட்டு மொத்தத்தையும் வெட்டிச் சாய்க்கறேன்.”

தையல்நாயகி தூபக்காலைக் கையில் எடுத்துக்கொண்டார். மில்லுக்காரனைப் பார்த்தார். காவலாளியைப் பார்த்தார். பிறகு மரத்தைப் பார்த்தார்.

“பாவம்” என்றார். “இவரு அஞ்சாவது குற்றவாளி.”