மந்தநாடிக்கு வைத்தியம் பார்த்த மணியக்காரர்

மணிவாசல் சீமை ராஜா வீரவர்மருக்கு நடை ரொம்ப வேகம். அவருக்குக் குடை பிடிச்ச ஆவுடையப்பனுக்கு எல்லாமே மெதுவு. ராஜா கோயில் வாசலுக்குப் போயிருப்பார். குடை அப்பத்தான் தெருமுனை திரும்பும். நடுவுல இருக்கிற வெயில் மொத்தமும் ராஜா தலையில.

ராஜா கோவிக்கல. அரண்மனை வைத்தியர் மருதவாணரைக் கூப்பிட்டு, "இவருக்கு என்னன்னு பாருமய்யா"ன்னார்.

வைத்தியர் மூணு விரல வச்சு நாடி பிடிச்சார். கண்ணை மூடினார். ஓலையில 'மந்தநாடி'ன்னு எழுதினார். நாடி கொஞ்சம் மெதுவா ஓடுது, அவ்வளவுதான் அர்த்தம். திப்பிலிப் பொடியத் தேன்ல குழைச்சு ஒரு மண்டலம் சாப்பிடச் சொன்னார். மந்தநாடிங்கிறது வைத்தியருங்க தங்களுக்குள்ள பேசிக்கிற சொல்லு. ஏட்டுக்குள்ள மரியாதையாத்தான் கெடந்துச்சு.

ஒரு நாள் வைத்தியர் அதை வாய்விட்டுச் சொல்ல, அவர் வாசல்ல காத்திருந்தவங்க காதுல விழுந்துச்சு. முதல் வாரம், "பாவம், ஆவுடையப்பனுக்கு மந்தநாடியாம்"னாங்க. ரெண்டாம் வாரம் 'பாவம்' போயிடுச்சு. மூணாம் வாரம் ஆவுடையப்பன்கிற பேரும் போயிடுச்சு. வெறும் "மந்தநாடி வருது பாரு"ன்னு ஆயிடுச்சு. ஒரு மாசத்துல, நகராத மாட்டைத் திட்ட, வேலைக்குப் போகாத மருமகனைத் திட்ட, எல்லாத்துக்கும் அதுதான். "ஏலேய் மந்தநாடீஈஈ!" கடைசியில மூக்கால இழுக்கணும். இழுக்கத் தெரியாத ஆளே ஊர்ல இல்ல.

ராஜா தண்டோரா போட்டார். இனிமே மந்தநாடின்னு சொல்லக் கூடாது, 'சாந்தநாடி'ன்னுதான் சொல்லணும். நாலே நாள். "போடா சாந்தநாடீஈஈ!" அதே மூக்கு, அதே இழுப்பு. உடனே அவைப் புலவர் 'பொன்நாடி'ன்னு ஒண்ணு கட்டிக் கொடுத்தார். அது ரெண்டு நாள் தாங்கல. நகைக்கடைக்காரர் வந்து, "மகாராஜா, கடையில பொன்னுன்னு வாயத் தெறந்தாலே சிரிக்கிறாங்க"ன்னு அழுதார்.

சனம் பழையபடி மந்தநாடிக்கே திரும்பிடுச்சு. அதுதான் வாய்க்கு வாகா இருந்துச்சாம்.

ஒரு நாள் ஆவுடையப்பன் அவைக்கு வந்தார். குடையை மடக்கிக் கீழ வச்சார்.

"மகாராஜா, என்னை என்ன வேணா சொல்லட்டும். என் மக செவ்வந்தி கல்யாணம் நிக்குது. யானைக் கொட்டடி மணியக்காரர் நமச்சிவாயத்தோட மகனுக்குப் பேசியிருந்தோம். இப்ப வேண்டாங்கிறார். பொண்ணு மூணு நாளாச் சாப்பிடல."

நமச்சிவாயம் அங்கதான் நின்னார். மீசையத் தடவிக்கிட்டு.

மந்திரி எந்திரிச்சார். "அந்தச் சொல்லைச் சொல்றவன் நாக்கை வெட்டிடலாம் மகாராஜா."

"அப்புறம் தண்டோரா போடக்கூட ஆள் மிஞ்சாது மந்திரியாரே"ன்னார் பிச்சாண்டி. அவையில வாயை வச்சே பொழைக்கிற மனுசர்.

ராஜா அவர் பக்கம் திரும்பினார். "அப்ப நீர் பாரும். எட்டு நாள்ல இந்தச் சொல்லு வாயடங்கணும், கல்யாணமும் முடிவாகணும். இல்லேன்னா அவைப் பக்கம் வராதீர்."

"உத்தரவு." பிச்சாண்டி நேரா நமச்சிவாயத்துக்கிட்டப் போனார். "ஏன் மணியக்காரரே, சம்பந்தம் வேண்டாமாமே?"

"மந்தநாடி வீட்டுல பொண்ணெடுக்க மாட்டோம்."

"பின்னால இருக்கிறவங்களுக்குக் கேக்கல."

"மந்தநாடிங்கிறேன்! மந்தநாடீஈஈ!"

"நல்லாக் கேட்டுச்சு. வைத்தியரே, இந்தச் சொல்லை யார் சொல்லலாம்?"

"நாடி பிடிச்சுப் பார்த்த வைத்தியன் சொல்லலாம்"னார் மருதவாணர்.

"பிடிக்காமச் சொன்னா?"

"போலி வைத்தியன். மொட்டை போட்டுக் கழுதை மேல ஏத்தணும்னு சட்டம்."

"சேச்சே, நம்ம மணியக்காரர் போலியா? பெரிய மனுசர். பிடிச்சுப் பார்த்துட்டுத்தான் சொல்லியிருப்பார். இல்லியா மணியக்காரரே?"

நமச்சிவாயம் மீசையில இருந்த கையத் தலைக்குக் கொண்டு போனார். முடியத் தொட்டுப் பார்த்தார். "ஆ... ஆமா. பிடிச்சுப் பார்த்தேன்."

"கண்டுபிடிச்ச வைத்தியர்தானே குணமும் பண்ணணும்?"

"அதான் முறை"ன்னார் மருதவாணர். "மந்தநாடிக்கு நாப்பத்தெட்டு நாள். பக்கத்துலயே இருந்து பாக்கணும்."

ராஜா தலையாட்டினார். அப்பவே தண்டோரா. மந்தநாடி, சாந்தநாடி, பொன்நாடி, எதைச் சொன்னாலும் சொன்னவர் வைத்தியர். யாரைச் சொன்னாரோ அவரை வீட்டுல வச்சு ஒரு மண்டலம் வைத்தியம் பாக்கணும்.

தெரு சத்தமில்லாமப் போச்சு. மாட்டைக்கூட யாரும் திட்டல. மாட்டை வீட்டுக்குள்ள வச்சுக்க எடமில்ல.

ஆவுடையப்பன் நமச்சிவாயம் வீட்டுக்குப் போனார். காலையில கெளம்பினவர் மத்தியானம் போய்ச் சேந்தார். நமச்சிவாயமே திப்பிலி இடிச்சார். எண்ணெய் காய்ச்சினார். தேய்ச்சுக் குளிப்பாட்டினார். ஆவுடையப்பன் ஒவ்வொரு பருக்கையா மென்னு, "கஞ்சி பிரமாதம் சம்பந்தி"ன்னார். காலைக் கஞ்சி முடியறப்ப மத்தியானச் சோறு வந்துடும். பக்கத்துலயே நம்ம புது வைத்தியர் நமச்சிவாயம் உக்காந்திருக்கணும். கொட்டடியில யானைங்க பசியில பிளிறுது.

ஆறாம் நாள் நமச்சிவாயம் அவைக்கு ஓடி வந்தார். கையெல்லாம் எண்ணெய்.

"மகாராஜா! அந்த மனுசனுக்கு ஒரு நோயும் இல்ல! கல்லு மாதிரி இருக்கார்!"

பிச்சாண்டி நிதானமாக் கேட்டார். "அப்ப மந்தநாடி?"

"இல்லவே இல்ல!"

"வைத்தியர் சொன்னாச் சரி. ஓலையில எழுதிக் கொடுங்க."

நமச்சிவாயம் எழுத்தாணியப் பிடுங்கி எழுதினார். 'ஆவுடையப்பனுக்கு மந்தநாடி இல்லை. பூரண சுகம்.' கீழ கையெழுத்தும் போட்டார்.

பிச்சாண்டி ஓலையை ஒரு தடவை படிச்சார். ராஜாகிட்ட நீட்டினார்.

"அப்ப அது மந்தநாடி வீடில்ல. நீங்களே எழுதிட்டீங்க. பொண்ணெடுக்க என்ன தடை மணியக்காரரே?"

நமச்சிவாயம் கையில இருந்த எண்ணெய வேட்டியில தொடைச்சார். "வர்ற புதன்கிழமை முகூர்த்தம் நல்லாருக்கு"ன்னார்.

ராஜா சிரிச்ச சிரிப்புல கிரீடம் நழுவி மடியில விழுந்துச்சு. கையில இருந்த கங்கணத்தக் கழட்டிப் பிச்சாண்டி கையில போட்டார். கண்ணைத் தொடைச்சுக்கிட்டே மந்திரி பக்கம் சாஞ்சார்.

"இந்த நமச்சிவாயம் இருக்காரே, சரியான மந்..."

அவை மொத்தமும் ராஜாவைப் பார்த்துச்சு. மருதவாணர் திப்பிலிப் பையை அவுத்தார்.

ராஜா கிரீடத்தை எடுத்துத் தலையில வச்சுக்கிட்டார்.

"மனுசர்"னார்.