மலை இல்லாத ஊர்

ஒரு கல்லூரியில் ஒரு வரைதாள் இருந்தது. ஆசிரியப் பயிற்சி மாணவி கயற்கண்ணியின் மேசையில் அது படபடத்துக்கொண்டே கிடந்தது.

"நீங்கள் பாடம் நடத்தப் போகும் ஊருக்கும் உங்களுக்கும் என்ன உறவு? வரைந்து, நாலு மணிக்குள் சுவரில் மாட்டுங்கள்" என்று பேராசிரியை சொல்லியிருந்தார். கயற்கண்ணி போவது உப்பளத்து ஊர். அன்று காலையும் போய் வந்திருந்தாள்.

பென்சில் யோசிக்கவேயில்லை. இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, ஓரத்தில் குடிசை.

"இது எந்த ஊர்?" என்றது தாள்.

"எல்லா ஊரும்தான். எங்க பாட்டன் பென்சிலும் இதைத்தான் வரைஞ்சாரு" என்றது பென்சில்.

மேசைக்கடியில் செருப்புகள் சிரித்தன. "இருபத்திரண்டு நாளா அவளைச் சுமக்கிறோம். ஒரு மேடுகூட ஏறலையே!"

"காலுக்கடியில கிடக்கிறவங்களுக்குப் படத்தைப் பத்தி என்ன தெரியும்?"

தாள் சுவரைப் பார்த்தது. அங்கே ஏற்கெனவே பதினோரு தாள்கள். பதினொன்றிலும் அதே இரண்டு மலை. "என்னை அங்கே மாட்டினா, நான் யாருன்னு எனக்கே தெரியாதே!" என்று துடித்தது. மின்விசிறிக் காற்றில் நழுவித் தரையில் விழுந்தது.

"கயலு, மணி மூணே முக்கால்டி!" என்று தோழி ரெஜினா கத்தினாள்.

பதறி எழுந்த கயற்கண்ணி தாளை மிதித்துவிட்டாள். "ஐயோ!" தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மலைகளுக்குக் கீழே சாம்பல் நிறச் சேற்றில் ஒரு செருப்புத் தடம்.

"முதல்ல அந்த அழுக்கை அழி!" என்று ரப்பரை அதட்டியது பென்சில்.

ரப்பர் குனிந்தது. உப்பு வாடை அடித்தது. அப்படியே நின்றுவிட்டது.

"எங்களால கொண்டுவர முடிஞ்சது அவ்வளவுதான்" என்றன செருப்புகள், மெதுவாக.

கயற்கண்ணிக்குக் காலையில் நடந்தது நினைவுக்கு வந்தது. பள்ளிக் குழாயடியில் செருப்பைக் கழுவப் போனபோது ஆறாம் வகுப்புப் பேச்சித்தாய் கேட்டாள்: "ஏன் டீச்சர் கழுவுறீங்க? நாளைக்கும் இங்கதான வருவீங்க?" கழுவாமலே திரும்பிவிட்டாள்.

ரப்பர் மலையேறத் தொடங்கியது. ஒரு மலை போனது. இன்னொன்றும் போனது. சூரியன் போனது. ஆறும் குடிசையும் போயின.

"மார்க் போயிடும்டி!" என்றாள் ரெஜினா.

தடம் மட்டும் மிஞ்சிய தாளைக் கயற்கண்ணி சுவரில் வைத்து ஊசி குத்தினாள்.

பதினோரு தாள்களும் அசையாமல் தொங்கின. பன்னிரண்டாவது மட்டும் படபடத்துக்கொண்டே இருந்தது. அதிலிருந்த தடம் வாசலைப் பார்த்திருந்தது.