நிறுத்தம் இல்லாத பாட்டு

ஏரிக்கரைக் கருவேலங்காட்டில் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வாழ்ந்தன. சருகைப் புரட்டிப் பூச்சி தின்பதுதான் அவற்றின் பிழைப்பு. சருகுக்குள் தலையை விட்டால் வானத்தில் என்ன வருகிறது என்று தெரியாது. அதனால் ஒரு குருவி உச்சிக்கிளையில் உட்கார்ந்து காவல் பாட்டுப் பாடும்.

"கொத்து கொத்து, குனிந்து கொத்து!
சருகைப் புரட்டு, புழுவைக் கொத்து!
நிழலைப் பாரு! நிழலைப் பாரு!"

அதோடு பாட்டு நிற்கும். மூன்று மூச்சு நேரம் சத்தமே இருக்காது. அந்த நேரத்தில் கீழே இருக்கிற அத்தனை தலைகளும் நிமிர்ந்து வானத்தைப் பார்க்கும். ஆபத்து இல்லையென்றால் பாட்டு மறுபடி தொடங்கும். தொடங்காவிட்டால் எல்லாக் குருவிகளும் முள்ளுக்குள் பாய்ந்துவிடும்.

அது ஒரு குருவி கட்டிய பாட்டு அல்ல. வல்லூறு ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போன காலத்தில், மிஞ்சியவை எல்லாம் சேர்ந்து கட்டியது. காவல் முறை வைத்து ஆளுக்கொரு நாள் பாடுவார்கள். அவர்களில் கரகரப்பன் என்றொரு குருவி. பெயருக்கு ஏற்ற தொண்டை. எதிர்காற்றிலும் அவன் குரல் கேட்கும். அவன் முறை வரும் நாளில் எல்லோரும் வயிறு நிறையத் தின்பார்கள்.

ஒரு நாள் அந்தப் பக்கம் ஒரு கொண்டலாத்திப் பறவை வந்தது. ஏரியின் மறுகரையில் மருதமரத்தடியில் மாலைதோறும் கச்சேரி நடத்துவது அதுதான். பாட்டைக் கேட்டதும் அதன் கொண்டை விசிறி போல விரிந்தது.

"யாரப்பா அது மேலே? இறங்கி வா! குரலா இது? மண்ணு! சுத்தமான மண்வாசனை! நம்ம கச்சேரிக்கு வந்து பாடேன்!"

"இது காவல் பாட்டுங்க. கச்சேரியில பாடுறது இல்ல," என்றான் கரகரப்பன்.

"அதனாலதானே கேட்கிறேன்! இப்போ நெசமான பாட்டுக்குத்தான் மவுசு. குயிலை எல்லாம் கேட்டுக் கேட்டு எல்லாருக்கும் சலிச்சுப் போச்சு!"

கரகரப்பன் தன் தங்கை மஞ்சக்காலியைப் பார்த்தான். அவளுக்கு அப்போதுதான் மூன்று குஞ்சுகள் பொரிந்திருந்தன.

"போயிட்டு வா அண்ணே. நம்ம பாட்டை நாலு பேர் கேட்கட்டும். ஆனா பாட்டு பத்திரம்!"

"ஒரு எழுத்தை மாத்தச் சொன்னாலும் எந்திரிச்சு வந்துடுவேன்!" என்றான் அவன். சொன்னபடியே கடைசி வரை நடந்தான். ஒரு எழுத்தைக்கூட அவன் மாற்றவில்லை.

மருதமரத்தடியில் அணில்கள், மைனாக்கள், கிளிகள், முயல்கள் என்று பெருங்கூட்டம். முன்வரிசையில் தனிக்கிளை போட்டு வல்லூறு உட்கார்ந்திருந்தது. கரகரப்பன் கொண்டலாத்தியின் பின்னால் ஒதுங்கினான்.

"ஐயா, அங்கே..."

"அட, அண்ணாச்சியைச் சொல்றியா! அவர்தான் நம்ம கச்சேரிக்கே புரவலர். இந்த மரத்தடியில யாரையும் தொட மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கார்!"

அந்த வாக்கை வல்லூறு காப்பாற்றியது. மற்ற இடங்களைப் பற்றி அதனிடம் யாரும் கேட்கவில்லை.

கரகரப்பன் பாடினான். "நிழலைப் பாரு!" என்று வல்லூறின் முகத்துக்கு நேராகவே பாடினான். கூட்டம் ஆர்ப்பரித்தது. வல்லூறும் சிறகு தட்டியது. கச்சேரி முடிந்ததும் அவனைக் கூப்பிட்டது.

"பிரமாதம்டா தம்பி! என்னையே திட்டுறே, எனக்கே பிடிச்சிருக்கு! ஒரே ஒரு குறைதான். நல்லா ரசிச்சுக்கிட்டு இருக்கும்போது நடுவுல பொசுக்குன்னு நிறுத்திடுறியே, அது ஏன்?"

"அது நிமிர்ந்து பார்க்கிறதுக்குங்க."

"இங்கே எதைப் பார்க்க? நான்தான் முன்னாலேயே உட்கார்ந்திருக்கேனே!"

எல்லோரும் சிரித்தார்கள். கரகரப்பனும் சிரித்துவிட்டான்.

மறுநாள் கொண்டலாத்தி ஒரு மரங்கொத்தியைக் கூட்டி வந்தது. "நீ எதையும் மாத்த வேண்டாம்பா. நீ நிறுத்துற இடத்துல இவன் டொக்கு டொக்குன்னு தட்டுவான். அவ்வளவுதான். சும்மா இருந்தா கூட்டம் எழுந்து போயிடும்!"

கரகரப்பன் யோசித்தான். சொல் எதுவும் போகவில்லை. ராகம் போகவில்லை. போனது வெறும் சும்மா இருக்கிற நேரம். சரி என்று தலையாட்டினான்.

"அப்புறம் இன்னொண்ணு. மேடைக்கு வரும்போது குளிக்காதே! சிறகுல கொஞ்சம் சேறு பூசிக்கோ. முள்ளுக்காட்டுப் பையன்னு பார்த்தாலே தெரியணும்!"

முள்ளுக்காட்டில் அவன் தினமும் குளித்துக்கொண்டிருந்தான். மேடைக்காகத்தான் முதல்முதலாக அழுக்கானான்.

பாட்டு ஊரெல்லாம் பரவியது. அதற்குக் 'கரகரப்பன் பாட்டு' என்று பெயரும் வைத்தார்கள். எல்லோரும் சேர்ந்து கட்டியது ஒருவன் பெயருக்குப் போனது. ஏரியைச் சுற்றிலும் எந்தக் கிளையில் கேட்டாலும் அதுதான். "நிழலைப் பாரு! நிழலைப் பாரு! டொக்கு டொக்கு டொக்கு!" கருவேலங்காட்டு இளங்குருவிகளும் அப்படியே கற்றுக்கொண்டன. மஞ்சக்காலி பழைய முறைப்படி பாடி நிறுத்தினால் கீழிருந்து கேலி கிளம்பியது.

"என்னக்கா, மறந்துட்டியா? டொக்கு டொக்கை யாரு போடுறது?"

ஒரு நாள் காலை, கரகரப்பன் இலைப் பொட்டலம் நிறைய ஈசலோடு கருவேலங்காட்டுக்கு வந்தான். இளங்குருவிகள் அவனைச் சூழ்ந்துகொண்டன. மஞ்சக்காலி மட்டும் தள்ளி நின்றாள்.

"என்ன தங்கச்சி, கோபமா? ஒரு எழுத்து மாறியிருக்கா, சொல்லு!"

"எழுத்து மாறல அண்ணே. இப்போ யாரும் நிமிர்றது இல்ல. அதான்."

"சின்னப் பிள்ளைங்க. போகப் போகக் கத்துக்கும்."

"யாருகிட்ட கத்துக்கும்? உன்கிட்டதானே கத்துக்கிட்டிருக்கு!"

அதற்குள் இளசுகள், "மாமா, ஒரு தடவை மேலே ஏறிப் பாடுங்க!" என்று பிடித்துக்கொண்டன. அவன் உச்சிக்கிளையில் ஏறினான். கீழே எல்லோரும் சருகில் தலையை விட்டுத் தின்னத் தொடங்கினார்கள். மஞ்சக்காலியின் மூன்று குஞ்சுகளும் வெட்டவெளியில் தத்திக்கொண்டிருந்தன.

இரண்டாவது சுற்றுப் பாடும்போது ஏரிப்பக்கம் பார்த்தான். வல்லூறு தண்ணீரை ஒட்டித் தாழப் பறந்து வந்துகொண்டிருந்தது. இது மருதமரத்தடி அல்ல.

கரகரப்பன் சட்டென்று நிறுத்தினான். மூச்சைக்கூட விடவில்லை.

ஒரு தலையும் நிமிரவில்லை. அத்தனை குருவிகளும் குனிந்தபடியே உற்சாகமாகப் பாடின: "டொக்கு டொக்கு டொக்கு!"

அவன் பதறிப்போய்க் கத்தினான். "நிழலைப் பாரு! நிழலைப் பாரு!"

"நிழலைப் பாரு! நிழலைப் பாரு!" என்று கீழிருந்து எல்லோரும் திருப்பிப் பாடினார்கள். "ஆகா, மாமா குரலைப் பாருடா! எப்படி உருகுறாரு!"

அவன் பாடவில்லை என்பது ஒருத்திக்கு மட்டும் புரிந்தது. மஞ்சக்காலி நிமிர்ந்தாள். பார்த்தாள். முதல் குஞ்சை முள்ளுக்குள் தள்ளினாள். இரண்டாவதைத் தள்ளினாள். மூன்றாவதை அலகால் கவ்வி உள்ளே எறிந்தாள். அவள் உள்ளே போக நேரமில்லை.

நாலைந்து தவிட்டு இறகுகள் சருகின் மேல் வந்து விழுந்தன. அதற்குப் பிறகுதான் பாட்டு நின்றது.

மறுநாள் கொண்டலாத்தி துக்கம் விசாரிக்க வந்தது. கொண்டையை மரியாதையாக மடித்து வைத்திருந்தது.

"ரொம்பக் கஷ்டமா இருக்குப்பா. அண்ணாச்சிகூட வருத்தப்பட்டார்."

"தூக்கிட்டுப் போனதே அவர்தானேய்யா!"

"அது இங்கே நடந்தது. நம்ம மரத்தடியில நடக்கலையே!" என்றது கொண்டலாத்தி. பிறகு அருகில் வந்து குரலைத் தாழ்த்தியது. "ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதே. இப்போ உன் குரல்ல ஒரு அழுகை இருக்கு பாரு, அது நெசம்! தங்கச்சி மேல ஒரு பாட்டுக் கட்டு. கூட்டம் தாங்காது!"

பேசப் பேச அதன் கொண்டை தன்னை மறந்து மெல்ல விரிந்தது.

கரகரப்பன் ஏரியில் இறங்கி, சிறகில் காய்ந்திருந்த சேற்றைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். மருதமரத்தடிக்கு அவன் மறுபடி போகவில்லை. அதனால் கச்சேரி ஒன்றும் நிற்கவில்லை. ஒரு மைனா சேற்றைப் பூசிக்கொண்டு அதே பாட்டைப் பாடுகிறது. வல்லூறு அதே இடத்தில் உட்கார்ந்து தலையாட்டுகிறது.

இப்போது கரகரப்பன் முறை பார்ப்பதில்லை. தினமும் உச்சிக்கிளையில் அவன்தான். பாடுகிறான், நிறுத்துகிறான், மூன்று மூச்சு நேரம் காத்திருக்கிறான். கீழே பெரும்பாலான குருவிகள் பழக்கத்தில் டொக்கு டொக்கு என்கின்றன. தாயில்லாத மூன்று குஞ்சுகள் மட்டும் நிமிர்ந்து வானத்தைப் பார்க்கின்றன. அவற்றைப் பார்க்கும்போது அவனுக்கு மஞ்சக்காலியின் நினைவு வருகிறது. இருந்தாலும் அடுத்த சுற்றைத் தொடங்கிவிடுகிறான். அவன் தொடங்காவிட்டால் அவை பயந்துவிடும்.

நம்மைக் காக்க நாம் கட்டிய பாட்டுக்கு நம் பகைவனே கைதட்டினால், சொல் ஒன்றும் குறையாவிட்டாலும் அதன் உயிர் களவு போய்விட்டது என்று அப்போதே தெரிந்துகொள்ள வேண்டும்.