அடிகளின் ஒரு நாள் கூலி

"சாமி, கூலியை ஏத்தணும்னு உத்தரவு போட்டவங்கள்ல யாராவது ஒரு நாள் ரொட்டிக்கடை நடத்திப் பாத்திருப்பாங்களா?"

மலைமேல் இருக்கும் மடத்துக்குப் படியேறி வந்த திரவியம், மூச்சுக்கூட விடாமல் கேட்டார்.

தாண்டவ அடிகள் துவைத்த காவியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். திரவியத்தைவிட ரொம்ப இளையவர். ஆனாலும் அடிவாரத்து ஊரில் மனசு சரியில்லாதவர்கள் எல்லாரும் கடைசியில் அவரிடம்தான் வந்து நிற்பார்கள்.

"மைதா ஏறிப்போச்சு. விறகு ஏறிப்போச்சு. கட்டடத்துக்காரர் வருசா வருசம் வாடகையை ஏத்துறாரு. நான் பன்னு விலையைத் தொட்டா, பைபாஸ்ல புதுசா வந்திருக்கிற பெரிய கடைக்கு ஓடிருவாங்க. என் வீட்டுக்காரி நாள் பூரா கல்லாவில நிக்கா. அவளுக்கு உண்டா கூலி? குறைஞ்சபட்சக் கூலின்னு சட்டம் போட்டாங்களே, குறைஞ்சபட்ச லாபம்னு ஒண்ணு போட்டாங்களா?"

"இப்ப நான் என்ன செய்யணும் அண்ணாச்சி?"

"அந்த உத்தரவு தப்புன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

"தப்பு" என்றார் அடிகள்.

இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று திரவியம் நினைக்கவில்லை. காலில் விழுந்து கும்பிட்டுவிட்டு இறங்கினார்.

கடையில் ஆரோக்கியம் அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருந்தான். நீளத் துடுப்பை உள்ளே விட்டு, வெந்த தட்டுகளை இழுத்துக்கொண்டிருந்தான். பதினோரு வருசமாக அந்த அடுப்பு அவன் கையில். கூலி விஷயத்தை முதலில் கேட்டவனும் அவன்தான்.

"கேட்டியா ஆரோக்கியம்? மடத்துச் சாமியே சொல்லிட்டாரு. உத்தரவு தப்பாம்."

ஆரோக்கியம் கடைசித் தட்டையும் இழுத்து வைத்தான். துண்டால் முகத்தைத் துடைத்தான்.

"அப்படியா அண்ணாச்சி? அப்ப நாளையிலருந்து அடுப்புல அவரையே நிக்கச் சொல்லுங்க."

துடுப்பைச் சுவரில் சாத்திவிட்டுப் போய்விட்டான். பைபாஸ் கடையில் போய் வேலை கேட்டிருக்கிறான் என்று சாயங்காலமே தகவல் வந்தது.

திரவியம் மறுபடியும் மலையேறினார்.

"எல்லாம் உங்க வார்த்தையால வந்தது சாமி! நல்லா இருந்தவன் போயிட்டான்."

"என்ன சொல்லிட்டுப் போனார்?"

"உங்களை அடுப்புல நிக்கச் சொல்லுன்னான். கோவத்துல பேசினது, அதை விடுங்க."

"விடுவானேன்? காலையில வர்றேன்."

சொன்னபடியே வந்தார். காவியை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டு துடுப்பை எடுத்தார். மாவு பிசைகிற பேச்சிக்கண்ணுவும் இன்னும் இரண்டு பேரும் சிரிப்பதா கும்பிடுவதா என்று தெரியாமல் நின்றார்கள்.

முதல் தட்டு கருகியது. இரண்டாவது தட்டு வேகவில்லை. மூன்றாவதை இழுக்கும்போது அடுப்பின் இரும்புக் கதவு முழங்கையில் பட்டுச் சுட்டுவிட்டது.

"போதும் சாமி, உக்காருங்க. எனக்குப் பாவம் வந்து சேரும்."

"இன்னும் தட்டு இருக்கே அண்ணாச்சி."

மத்தியானம் அவர் மாவு மூட்டையில் சாய்ந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்தார். கண் இரண்டும் செக்கச்செவேல் என்று இருந்தன. பிறகு எழுந்து மறுபடியும் அடுப்புக்குப் போனார்.

சாயங்காலம் கல்லா முன்னால் வந்து கையை நீட்டினார்.

"கூலி?"

திரவியத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்லாவைத் திறந்து, ஆரோக்கியத்துக்குக் கொடுக்கிறதை எடுத்தார். அடிகளின் முழங்கையில் கொப்புளம் கட்டியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு இன்னொரு தாளை எடுத்து வைத்தார். கொடுக்கப் போன கை பாதியில் நின்றது. இன்னும் ஒரு தாள் சேர்த்தார்.

"ஆரோக்கியத்துக்கும் இவ்வளவுதானா?"

"இல்ல சாமி."

"அவர் ஒரு பன்னைக்கூடக் கருக்க மாட்டாராமே. பேச்சிக்கண்ணு சொன்னாங்க."

திரவியத்துக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"எல்லாருக்கும் தினம் இப்படிக் குடுத்தா நான் கடையை மூடணும் சாமி. சத்தியமாச் சொல்றேன். நான் ஒண்ணும் பங்களா கட்டல."

"தெரியுது. நாள் பூரா நானும் இங்கதானே நின்னேன்."

"அப்ப என்னதான் வழி?"

"விலையை ஏத்துங்க."

வழக்கமான கூலியை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கல்லாவின் மேல் வைத்துவிட்டு அடிகள் போய்விட்டார்.

மறுநாள் திரவியமே ஆரோக்கியத்தின் வீட்டுக்குப் போனார். வாசலில் நின்றபடியே, உத்தரவில் இருக்கிற கூலியைத் தருவதாகச் சொன்னார்.

"சாமிக்குக் கை எப்படி இருக்கு?" என்றுதான் ஆரோக்கியம் முதலில் கேட்டான். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே வந்தான்.

பன்னு விலை ஒரு ரூபாய் கூடியது.

"என்ன அண்ணாச்சி, பன்னுக்குள்ள தங்கம் கிங்கம் வச்சிருக்கீங்களா?" என்று ஒருவர் கேட்டுவிட்டு, வாங்காமல் போனார். மொத்தமாக எடுக்கிற டீக்கடைக்காரர் நாளையிலிருந்து வேண்டாம் என்று ஆளிடம் சொல்லி அனுப்பினார். உழைப்பாளிக்கு நியாயமான கூலி வேண்டும் என்று மேடைதோறும் பேசுகிற ஒருவர் விலையைக் கேட்டுவிட்டு ஸ்கூட்டரைத் திருப்பினார். பைபாஸ் பக்கம்தான்.

அந்த வாரம் முடிவதற்குள் திரவியம் மூன்றாம் தடவையாக மலையேறினார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். மண்டபத்தில் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"போயிட்டாங்க சாமி! பாதிப் பேரு போயிட்டாங்க. அவன் அடுப்புல நின்னு வேகுறதைக் கண்ணாலயே பாக்கிறாங்க. பாத்துக்கிட்டே பேரம் பேசுறாங்க. ஒரு ரூபாய்க்கு! கூலி குடுன்னு என்னைச் சொல்றாங்களே, அதை நான் எங்கேருந்து குடுப்பேன்? இவங்கல்லாம் மனுசங்கதானா?"

அடிகள் கட்டுப்போட்ட கையால் பழச்சீப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல பழமா இருக்கே. என்ன விலை அண்ணாச்சி?"

"அடிவாரத்துல ஒரு பொம்பளை கூடையில வச்சு வித்துக்கிட்டிருந்தா. அறுபதுன்னா. நானா விடுவேன்? அடிச்சுப் பேசி நாப்பதுக்கு…"

திரவியம் பேச்சைப் பாதியில் விட்டுச் சட்டைப்பையைத் தடவினார்.

அடிகள் பழத்தைப் பிய்க்கவில்லை. சும்மா மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பொழுது சாஞ்சா வீட்டுக்குப் போயிருவா" என்றார் திரவியம், யாரிடமோ சொல்வதுபோல.

செருப்பைக்கூட மாட்டாமல் படியில் இறங்கி ஓடினார்.