நடுவில் விட்ட கேள்வி

"கேமரா சேர மாட்டேங்கு" என்றான் எபநேசர்.

ஜரீனா நிமிரவில்லை. ஒரு கிழட்டு லேப்டாப்பின் வயிற்றைத் திறந்து வைத்து தூசி ஊதிக்கொண்டிருந்தாள்.

"எதோட சேர மாட்டேங்கு?"

"லினக்ஸோட. நீங்கதானே போட்டுக் கொடுத்தீங்க?"

"உக்காருங்க அண்ணாச்சி."

"உக்கார நேரமில்ல."

தூத்துக்குடி பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், டீக்கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. அதுதான் ஜரீனாவின் கடை. வேறு கடைக்காரர்கள் தூக்கிப் போடச் சொன்ன கம்ப்யூட்டர்கள் அங்கே வரும். லினக்ஸ் என்ற இலவச சாஃப்ட்வேரைப் போட்டு எழுப்பி நடக்க வைப்பாள். எபநேசர் உப்பு லாரி ஓட்டுகிறவன். அவன் வயதில் பாதிதான் அவளுக்கு இருக்கும். அதனால் அவள் முன்னால் கைகட்டி நிற்பது அவனுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் நின்றான்.

ஏன் நின்றான் என்றால், அண்ணன் தாவீது.

தாவீது மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் விட்டவன். கரையில் நின்று கத்தினால் நடுக்கடலில் போட்டில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். நரம்பு நோய் வந்தது. முதலில் கை போனது. அப்புறம் கால். அப்புறம் நாக்கு. இப்போது இடது கன்னம் மட்டும்தான் சொன்னபடி கேட்கிறது.

திரையில் எழுத்துகள் வரிசையாக இருக்கும். அவற்றின் மேல் ஒரு மஞ்சள் கட்டம் மெதுவாக நகரும். வேண்டிய எழுத்துக்குக் கட்டம் வந்ததும் தாவீது கன்னத்தை இழுப்பான். கேமரா அதைப் பார்த்து எழுத்தைப் பிடித்துப் போடும். ஒரு சொல் முடிவதற்குள் டீ ஆறிப்போகும்.

அதுதான் அவன் வாய்.

அந்த வாயைத்தான் எபநேசர் இப்போது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தான்.

"இப்ப அவருக்கு ஏதாவது சொல்லணும்னா?" என்றாள் ஜரீனா.

"அதுக்குத்தான் சீக்கிரம்ங்கேன்."

"என்ன அவசரம்?"

சொன்னான். அண்ணனுக்கு மூச்சு குறைகிறது. கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்தால் மெஷின் மூச்சு விடும். வைக்காவிட்டால் ரொம்ப நாள் தாங்காது. அண்ணன் வாயால் சம்மதம் வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கேட்டால் பதில் ஒழுங்காக வரவில்லை.

ஜரீனா கையைத் துடைத்துக்கொண்டாள்.

"மூணு கேள்வி கேப்பேன். என்ன செஞ்சீங்க? என்ன நடக்கும்னு எதிர்பார்த்தீங்க? என்ன நடந்துச்சு? இதைச் சொல்லாம நான் ஒரு ஸ்க்ரூவையும் தொட மாட்டேன்."

"வேலை செய்யல. போதுமா?"

"அது புலம்பல். பதில் இல்ல."

எபநேசர் பல்லைக் கடித்தான். "கேமராவைச் செருகினேன். படம் கருப்பா இருக்கு."

"நடுவுல ஒண்ணை விட்டுட்டீங்க."

"கேமராவைச் செருகினவன் படம் வரும்னுதான் எதிர்பார்ப்பான். இதையெல்லாமா வாயால சொல்லணும்?"

"சொல்லணும்."

"படம் வரும்னு எதிர்பார்த்தேன். வரல."

"சரி. பழைய கேமரா எங்க?"

"கீழ விழுந்து உடைஞ்சிட்டு. அதே கம்பெனி, அதே மாடல்தான் இதுவும். தேடி வாங்கினேன்." சட்டைப்பையிலிருந்து உடைந்ததையும் எடுத்து வைத்தான்.

ஜரீனா ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். இரண்டையும் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். வெளியே ஒரே பேர், ஒரே நிறம். உள்ளே இருந்த சிப் வேறு வேறு.

எபநேசர் குனிந்து பார்த்தான். "ஏமாத்திட்டானா?"

"சிப்பை மாத்திட்டான். பேரை மாத்தல."

"இப்ப என்ன செய்ய?"

"பெட்டி மேல என்ன எழுதியிருக்குன்னு என்கிட்ட சொல்லாதீங்க. செருகினதும் மெஷின் என்ன சொல்லுதுன்னு பாருங்க."

கருப்புத் திரையில் ஒரு வரி தட்டினாள். கீழே நாலு வரி வந்து விழுந்தது. அந்தச் சிப்பை இயக்கும் டிரைவர் புரோகிராம் லினக்ஸில் இல்லை. அவ்வளவுதான் விஷயம். மேஜை டிராயரைத் துழாவி ஒரு அழுக்குக் கேமராவை எடுத்தாள். செருகினாள். படம் வந்தது. படத்தில் எபநேசரின் மூக்கு பெரிதாகத் தெரிந்தது.

"இதை எனக்குக் கத்துக் கொடுங்க" என்றான். "ஒவ்வொரு தடவையும் மாடியேறி வந்து உங்ககிட்ட கெஞ்ச முடியாது."

"கெஞ்சினீங்களா? மிரட்டினமாதிரில்லா இருந்துச்சு."

"கத்துக் கொடுங்க டீச்சர்."

அந்த டீச்சரில் பாதி நக்கல். பாதி உண்மை.

"அப்ப நாளைக்கு மூணு பதிலோட வாங்க."


மறுநாள் வந்தான். மறுபடியும் கக்கத்தில் வாய்.

"படம் வருது. எழுத்துதான் தப்பா விழுது."

"எந்த எழுத்து?"

"என்னமோ ஒண்ணு. தப்பா விழுது, விடுங்களேன்."

"விட மாட்டேன். ஆனா ஒண்ணு கேக்கேன். அங்க டியூப் லைட்டா?"

"ஆமா."

"படம் நடுங்குதா?"

யோசித்தான். "கோடு கோடா ஓடுது."

இது நிஜமான கோளாறு. அந்தக் கேமரா வேறு ஊர்க் கரண்டுக்குப் பழக்கி வந்தது. நம் ஊர் டியூப் லைட்டுக்கும் அதற்கும் தாளம் ஒத்துவராது. வெளிச்சம் துடிப்பதைப் பார்த்து, கன்னம் துடிக்கிறது என்று மெஷின் ஏமாறும். ஜரீனா எந்த இடத்தில் எந்த எண்ணை மாற்ற வேண்டும் என்று காட்டினாள். அவனையே மாற்றச் சொன்னாள். கடை டியூப் லைட்டின் கீழே படம் அசையாமல் நின்றது.

எபநேசர் சிரித்தான். அந்த வாரத்தில் அவன் சிரித்தது அப்போதுதான்.

"அப்ப இதனாலதான்" என்றான். "நெனச்சேன். எங்கண்ணன் அப்படிச் சொல்ற ஆளே இல்ல."

"எப்படி?"

அவன் பாதிப் படி இறங்கியிருந்தான்.


அதற்கடுத்த நாள் வந்தவன் சிரிக்கவில்லை.

"இன்னும் தப்பாத்தான் வருது."

"என்ன வருது?"

கீழே டீக்கடையில் யாரோ கண்ணாடி டம்ளரை உடைத்தார்கள். இரண்டு பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள்.

"'வேண்டாம்'னு வருது" என்றான் எபநேசர்.

ஜரீனா லேப்டாப்பை வாங்கித் திறந்தாள். கேமராவை அவன் முகத்துக்கு நேராகத் திருப்பினாள்.

"கன்னத்தால ஏதாவது எழுதுங்க."

"நானா?"

"நீங்கதான். உக்காருங்க."

உட்காரவில்லை. மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தான். மஞ்சள் கட்டம் நகர்ந்தது. அவனுக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு எழுத்தைத் தவறவிட்டான். கெட்ட வார்த்தை சொன்னான். கட்டம் மறுபடி சுற்றி வருகிற வரைக்கும் காத்திருந்தான். கழுத்து வலித்தது.

கடைசியில் திரையில் வந்தது: சரி.

"நீங்க நெனச்சது இதுதானா?"

"இதுதான்."

"அப்ப கேமரா நல்லாருக்கு."

"எனக்கு நல்லாருக்கு. அவனுக்குத்தான் சேரல." எபநேசரின் குரல் ஏறியது. "மூஞ்சி மெலிஞ்சி போச்சுல்லா, அதனால இருக்கும். லினக்ஸுக்குள்ள இருக்க கர்னலை மாத்திப் பாப்போம் டீச்சர். இல்ல லினக்ஸையே மாத்துவோம். நூறு வகை இருக்குன்னீங்கள்லா? ஒவ்வொண்ணாப் போட்டுப் பாப்போம். ஏதாவது ஒண்ணுல சரியா வராமயா போகும்?"

ஜரீனா அவனைப் பார்த்தாள். பிறகு எழுந்து ஷட்டரை இறக்கினாள்.

"எங்க போறீங்க?"

"உங்க வீட்டுக்கு."


தாவீது கட்டிலில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தான். மூச்சு விடுவது தெருவாசல் வரைக்கும் கேட்டது. ஈரத் துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். கட்டிலை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. அதன் மேல் கேபிள், ஸ்க்ரூடிரைவர், காலிப் பெட்டிகள். யாரும் அதில் உட்கார்ந்து நாளாகிவிட்டது என்பது பார்த்தாலே தெரிந்தது.

எபநேசர் லேப்டாப்பை ஸ்டூலில் வைத்தான். கேமராவை மாட்டினான். உடனே வயரைத் தேடிக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போய்விட்டான்.

ஜரீனா தாவீதின் கண்ணுக்கு நேராக வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, நான் ஜரீனா. இந்த மெஷினைச் செஞ்சு கொடுத்தவ. ஏதோ கோளாறுன்னு உங்க தம்பி சொல்லுதாரு. எதை மாத்தணும்? நீங்களே சொல்லுங்க."

மஞ்சள் கட்டம் நகர்ந்தது. கன்னம் இழுத்தது. ஒரு எழுத்து. மூச்சு. இன்னொரு எழுத்து. நடுவில் அவன் கண்ணை மூடி இளைப்பாறினான். அவள் அசையாமல் நின்றாள்.

தம்பிய.

ஜரீனா சிரித்துவிட்டாள். தாவீதின் கன்னம் சும்மாவே ஒருமுறை இழுத்தது. அதைக் கேமரா ஒரு எழுத்தாக்கிப் போட்டது. அந்த எழுத்துக்கு அர்த்தம் கிடையாது.

"என்ன வந்துச்சு?" என்று கட்டிலுக்கு அடியிலிருந்து கேட்டான் எபநேசர்.

"உங்களை மாத்தணுமாம்."

"பாத்தீங்களா? தப்புத் தப்பா வருதுன்னு சொன்னேம்லா."

"வெளிய வாங்க அண்ணாச்சி."

வந்தான். தலையில் ஒட்டடை. கையில் ஒரு வயர்.

"என்ன செஞ்சீங்க?"

"இந்த வயரைக் கழட்டி..."

"மெஷினை இல்ல. இவருகிட்ட என்ன செஞ்சீங்க?"

"கேட்டேன்."

"என்னன்னு?"

"கழுத்துல குழாய் வைக்கலாமாண்ணேன்னு."

"என்ன வந்துச்சு?"

எபநேசர் வயரைச் சுருட்டினான். பிரித்தான். மறுபடி சுருட்டினான்.

"வேண்டாம்னு."

"புதுக் கேமராவுலயா?"

"அதுல படமே வரலியே. நீங்க கொடுத்ததுல வந்துச்சு. லைட்டு எண்ணை மாத்துன பெறவும் வந்துச்சு."

"பழைய கேமராவுல?"

அவன் எதிர்ச் சுவரைப் பார்த்தான்.

"அது கீழ விழுந்துச்சுன்னு சொன்னீங்க."

"விழல" என்றான்.

கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்திருந்தது. ஒரு கேமரா அளவுக்கு. மூன்று பேரும் அந்த இடத்தைப் பார்த்தார்கள். தாவீது தினமும் அதைத்தான் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். வேறு பக்கம் தலையைத் திருப்ப அவனால் முடியாது.

"நடுவுல ஒண்ணை விட்டுட்டீங்க" என்றாள் ஜரீனா.

"எதை?"

அவள் மறுபடி சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. மூன்று கேள்வியும் அவனுக்கு மனப்பாடம்.

எபநேசர் அண்ணனின் முகத்தைப் பார்த்தான். இத்தனை நாளும் திரையைப் பார்த்தான், வயரைப் பார்த்தான், கன்னத்தைப் பார்த்தான். முகத்தைப் பார்க்கவில்லை. எலும்புக்கு மேல் தோலைப் போர்த்திய மாதிரி இருந்தது. கண் மட்டும் அதே கண். ஏலத்தில் விலையை முடித்துவிட்டு, இனி எவன் கூட்டிக் கேட்டாலும் கிடையாது என்று பார்க்கிற கண்.

"'சரி'ன்னு வரும்னு" என்றான் எபநேசர். "'சரி'ன்னு வரும்னு எதிர்பார்த்தேன்."

அறையில் தாவீதின் மூச்சுச் சத்தம் மட்டும்.

வயர் அவன் கையிலிருந்து நழுவியது. அதை எடுக்க அவன் குனியவில்லை.

"அண்ணே" என்றான். "வேற... வேற என்னண்ணே வேணும் ஒனக்கு?"

மஞ்சள் கட்டம் நகரத் தொடங்கியது. கன்னம் இழுத்தது.

உ

"உசுரா?" எபநேசர் பாய்ந்தான். "உசுரு வேணுமாண்ணே? வேணும்னுதானே சொல்லுத?"

ஜரீனா ஒரு விரலைத் தூக்கினாள்.

கட்டம் போனது. திரும்பி வந்தது. தாவீது கண்ணை மூடினான், திறந்தான். அவன் உதட்டோரத்தில் எச்சில் வழிந்தது.

உக்

எபநேசர் வாயைத் திறந்தான். எதுவும் சொல்லாமல் தானே மூடிக்கொண்டான்.

கட்டம் மறுபடி முதல் வரியிலிருந்து கிளம்பியது. எபநேசர் காத்திருந்தான். வெளியே தெருவை அடைத்து நின்ற அவன் லாரிக்குப் பின்னால் எவனோ ஹாரன் அடித்தான். காத்திருந்தான். தாவீதின் மூச்சு ஒருமுறை நின்று, பிறகு வந்தது. காத்திருந்தான்.

உக்காரு.