ஆற்றார் வரிசை

விடுதலைப் படையின் தளபதி முலெங்காவுக்கு மூன்று நாளாகத் தூக்கமில்லை. காட்டுக்குள் மறைந்திருந்த அவனுடைய முகாமை வெள்ளை அரசின் விமானங்கள் நேராகத் தேடி வந்து குண்டு போட்டுவிட்டுப் போயின. பதினோரு பேர் செத்தார்கள். இடத்தை யாரோ காட்டிக்கொடுத்திருக்க வேண்டும்.

படையில் மேட்டார் இனத்தவர் அதிகம், ஆற்றார் இனத்தவர் கொஞ்சம். முலெங்கா மேட்டார் இனம். "இது ஆற்றார் வேலைதான்" என்று ஒருவன் ஆரம்பித்தான். சாயங்காலத்துக்குள் முகாம் முழுக்க அதே பேச்சு. மறுநாள் காலையில் ஆற்றார் ஒன்பது பேரைக் கையைக் கட்டி மாமரத்தடியில் வரிசையாக உட்காரவைத்தார்கள். சுடச் சொல்லி முலெங்கா ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

அந்த வார்த்தை அவனுக்கு வாயில் வரவில்லை. சிகோம்போவின் குடிசைக்குப் போனான். சிறையில் ஆறு வருஷம் ஒரே அறையில் இருந்து, அவனுக்கு எழுத்தையும் அரசியலையும் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

"ஐயா, துரோகியை எப்படிக் கண்டுபிடிப்பது?"

"கண்டுபிடித்துவிட்டாய் என்றார்களே. ஒன்பது பேராமே?"

"அவர்கள் ஆற்றார், ஐயா."

"எப்படித் தெரிந்தது? பேச்சிலா?"

"பேச்சு எல்லோருக்கும் ஒன்றுதான். அடையாள அட்டையில் போட்டிருக்கிறது."

"போட்டது யார்?"

முலெங்கா தலையைக் குனிந்துகொண்டான். வெள்ளை அரசு கொடுத்த அந்த அட்டையைத் தெருவில் வைத்துக் கொளுத்தியதற்காகத்தான் அவன் சிறைக்கே போனான்.

"எங்கள் ஊருக்கு முதன்முதலாக அட்டைக்குப் பதிவெடுக்க வந்தார்கள்" என்றார் சிகோம்போ. "அண்ணன் வயலிலிருந்து வந்து நின்றான், கையில் மண்வெட்டி. குமாஸ்தா அவனை ஏற இறங்கப் பார்த்து 'மேட்டார்' என்று எழுதினான். அடுத்தது நான். என் தோளில் மீன்வலை கிடந்தது."

முலெங்கா நிமிர்ந்தான். "நீங்கள்… ஆற்றாரா?"

"அன்றிலிருந்து."

"அதற்கு முன்னால்?"

"அதற்கு முன்னால் அண்ணனுக்கு மீன் பிடிக்கத் தெரியாது. அவ்வளவுதான்."

"இத்தனை வருஷத்தில் என்னிடம் சொல்லவே இல்லையே!"

"நீ என்னிடம் படிக்க வந்தாய். விசாரிக்க வரவில்லை."

"பதினோரு பேரை என் கையால் புதைத்திருக்கிறேன், ஐயா. எவனோ ஒருவன் காட்டிக்கொடுத்திருக்கிறான். அவனை விட்டுவிடச் சொல்கிறீர்களா?"

"இல்லை" என்றார் சிகோம்போ.

பிறகு எழுந்து வெளியே போனார். வெயிலில் மெதுவாக நடந்து மாமரத்தடிக்கு வந்தார். காவலுக்கு நின்றவர்கள் வழிவிட்டார்கள். ஒன்பதாவது ஆளுக்குப் பக்கத்தில், சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

பின்னாலேயே ஓடிவந்த முலெங்கா அவர் முன்னால் மண்டியிட்டான்.

"எழுந்திருங்கள், ஐயா. எல்லோரும் பார்க்கிறார்கள். தயவுசெய்து எழுந்திருங்கள்."

சிகோம்போ அவன் முகத்தைப் பார்த்தார்.

"எனக்கு மட்டும் சொல்கிறாயா, வரிசைக்கே சொல்கிறாயா?"