ஒன்றரை செகண்ட்

மாசானமுத்துவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருடைய குரு ஜெய்னம்புவுக்கு முப்பத்தொன்று. அவர் குருவை "டீச்சர்" என்பார். குரு அவரை "அண்ணாச்சி" என்பார். பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்த அந்தச் சிறிய ஆய்வுக்கூடத்தில் இதைக் கேலி செய்தவர்கள் ஒரு வாரத்தில் அலுத்துப்போனார்கள்.

மாசானமுத்து இருபது வருடம் எலக்ட்ரானிக் தராசுகளுக்குப் புரோகிராம் எழுதியவர். ஒரு சிப், ஒரு புரோகிராம், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த உலகம். அதை விட்டுவிட்டு இந்த வயதில் அவர் மாணவராக வந்ததற்கு ஒரே காரணம், அவருடைய மனைவி ஆவுடையம்மாள்.

போன ஆடியில் ஆவுடைக்குத் தொண்டையில் ஆபரேஷன். உயிர் பிழைத்தாள், குரல் பிழைக்கவில்லை. அதற்கு முந்தைய இருபத்தாறு வருடத்தில் மாசானமுத்து வீட்டில் ஒரு வாக்கியத்தையும் முழுதாகச் சொல்லி முடித்ததில்லை. அவர் "திங்கக்கிழமை" என்று ஆரம்பிப்பதற்குள் "இல்ல, செவ்வா" என்பாள். கல்யாண வீட்டில், ஆஸ்பத்திரியில், சாமி கும்பிடும்போதுகூட அப்படித்தான். இப்போது அவரால் எல்லா வாக்கியங்களையும் சொல்லி முடிக்க முடிகிறது. மனுஷனுக்கு இப்படி ஒரு தண்டனை வரக்கூடாது.

ஜெய்னம்புவின் ஆய்வுக்கூடத்தில் உருவாகிக்கொண்டிருந்தது ஒரு பேச்சுக் கருவி. தாடைக்கு அடியில் ஒரு பட்டையை ஒட்டிக்கொண்டு வாயை அசைத்தால் போதும். தசையின் அசைவைப் படித்து, இடுப்பில் இருக்கும் சின்னப் பெட்டி பேசும். ஆவுடை முன்பு போனில் அனுப்பிய குரல் பதிவுகளை வைத்து அவள் குரலையே அதில் ஏற்றியிருந்தார்கள். முதல் நாள் அந்தக் குரலைக் கேட்டுவிட்டு மாசானமுத்து மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஒரு குறைதான். வாய் அசைந்து ஒன்றரை செகண்ட் கழித்துத்தான் குரல் வந்தது.

அந்தக் குறையைத் தீர்க்கும் பொறுப்பை மாசானமுத்து கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு மாதம் உழைத்தார். பிறகு ஒரு தாளை எடுத்துக்கொண்டு குருவிடம் வந்தார்.

"டீச்சர், அளந்துட்டேன். எண்பது மில்லி செகண்ட்தான் வருது. ஆனா வீட்டுல பாத்தா அதே ஒன்றரை செகண்ட். எனக்கு ஒண்ணும் பிடிபடல."

"எதை வச்சு அளந்தீங்க?"

"குரல் சிஸ்டத்துக்குள்ளயே கடிகாரம் இருக்குல்லா? அதை வச்சுத்தான்."

ஜெய்னம்பு சிரிக்கவில்லை. டீ வந்திருந்தது. மாசானமுத்துவின் டம்ளரை அவர் முன்னால் தள்ளி வைத்தார்.

"கண்ணை மூடிக்கிட்டு செகண்டுக்கு ஒண்ணா இருபது வரைக்கும் எண்ணுங்க. நான் மேஜையத் தட்டினா நிறுத்தணும். மறுபடி தட்டினா விட்ட இடத்துல இருந்து எண்ணணும்."

மாசானமுத்து எண்ணினார். மூன்றில் ஒரு தட்டு. நிறுத்தினார். வெகுநேரம் கழித்து மறுதட்டு. நான்கு, ஐந்து. மறுபடியும் நிறுத்தம். கீழே மருந்துக்கடையில் யாரோ இருமல் மருந்து கேட்டு, வாங்கி, பஸ் ஏறிப் போயே விட்டார்கள். ஒருவழியாக இருபது வந்தது.

"டீயக் குடிங்க" என்றார் ஜெய்னம்பு.

டீ ஆறி, ஆடை கட்டியிருந்தது.

"எத்தனை எண்ணுனீங்க?"

"இருபது."

"அப்ப இருபது செகண்ட்தான் ஆயிருக்கும்."

மாசானமுத்து டம்ளரையே பார்த்தார்.

அவர்கள் பெட்டியில் இருந்தது ஒரே ஒரு சிப். அதற்குள் இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டம். ஒன்று பெட்டியின் சின்னத் திரையையும் போன் தொடர்பையும் பார்த்துக்கொள்ளும், மற்றது குரலை. இரண்டுமே மொத்த சிப்பும் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருக்கும். உண்மையில் ஹைப்பர்வைசர் என்று ஒன்று மேலே உட்கார்ந்து, ஒன்றை நிறுத்தி மற்றதை ஓடவிட்டு, நேரத்தைப் பங்கு போடும். நிறுத்தி வைக்கும்போது உள்ளே இருக்கும் கடிகாரமும் நின்றுவிடும்.

"நிறுத்தி வச்சிருந்த நேரம் அதோட கணக்குலயே வரல" என்றார் மாசானமுத்து மெதுவாக.

"நான் நிறுத்தினதாவது அண்ணாச்சிக்குத் தெரிஞ்சுது. அதுக்கு அதுவும் தெரியாது. வேகமாத்தான் ஓடுதோம்னு நினைச்சுக்கிட்டு இருக்கும், பாவம்."

மாசானமுத்து அன்றே ஆஸிலோஸ்கோப் என்ற அளக்கும் கருவியை எடுத்தார். ஒரு வயரைத் தாடைப் பட்டையிலும் இன்னொன்றை ஸ்பீக்கரிலும் மாட்டி வெளியே இருந்து அளந்தார். ஒன்றரை செகண்ட் அப்படியே நின்றது. திரையில் யாருமே பார்க்காத ஒரு பூப்படம் அசைந்துகொண்டிருந்தது. அதற்காகத்தான் குரல் காத்துக் கிடந்திருக்கிறது. அந்தப் பூவை வைத்தது மாசானமுத்துவேதான், ஆவுடைக்குப் பிடிக்குமே என்று.

பூவை எடுத்தார். குரலுக்குத்தான் முதல் பங்கு, மிச்சம் இருந்தால் திரைக்கு என்று ஹைப்பர்வைசரை மாற்றி எழுதினார். மூன்று வாரம் ஆயிற்று. வெளியே இருந்து அளந்தபோது நூற்றுப்பத்து மில்லி செகண்ட் காட்டியது. ஆவுடை வாயை அசைத்த கையோடு அவள் குரல் வந்தது.

பத்து நாள் கழித்து அவர் மறுபடியும் குருவிடம் வந்து நின்றார். முகம் வாடியிருந்தது.

"டீச்சர், இன்னும் எங்கயோ தாமதம் இருக்கு."

"அளவு என்ன சொல்லுது?"

"அளவு சரியாத்தான் இருக்கு. ஆனா அவ ஒரு தடவைகூட குறுக்க பேச மாட்டேங்கா. எனக்கு அது வேணும் டீச்சர். அதுக்குத்தான் நான் இங்க வந்ததே."

ஞாயிற்றுக்கிழமை ஜெய்னம்பு அவர்கள் வீட்டுக்குப் போனார். அளக்கும் கருவி பையிலேயே இருந்தது, வெளியே எடுக்கவில்லை.

மாசானமுத்து வாசலில் செருப்பைத் தேடும் சாக்கில் சற்று நேரம் வெளியே நின்றார். அடுக்களையில் ஆவுடை வடைமாவைத் தட்டியபடி வாயை அசைத்தாள். இடுப்புப் பெட்டி பேசியது.

"இவுக ரொம்ப நல்லவுகளா ஆயிட்டாக, டீச்சர். எனக்குப் பயமா இருக்கு."

"ஏன் மதினி?"

"விருந்தாளிகிட்ட பேசுத மாதிரி பேசுதாக."

சாப்பிட்டு முடித்ததும் மாசானமுத்து குற்றாலம் போன கதையை எடுத்தார். கல்யாணமான புதிதில் நடந்தது.

"அன்னைக்கு செவ்வாக்கிழமை" என்றார். நிறுத்தினார். மனைவியின் தாடைப் பட்டையைப் பார்த்தார்.

"புதன்" என்றது பெட்டி, உடனே.

"ஆமா, புதன்." நிறுத்தினார். பார்த்தார். ஆவுடை தலையசைத்தாள்.

"பஸ்ஸுல நல்ல கூட்டம்." நிறுத்தினார். அவளுக்கு வேண்டிய அவகாசம் கொடுத்துக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். ஆவுடைக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அவளும் காத்திருந்தாள். கதை அருவிக்குப் போய்ச் சேர அரைமணி நேரம் ஆனது.

தெருமுனை வரை குருவை வழியனுப்ப வந்தார் மாசானமுத்து.

"பாத்தீங்கல்லா டீச்சர்? ஒரு தடவைகூட குறுக்க வரல. எந்த இடத்துல மாட்டிக்கிட்டு இருக்கு, சொல்லுங்க. எத்தனை மாசம் ஆனாலும் திருத்திருதேன்."

ஜெய்னம்பு பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டார்.

"மதினி குறுக்க வரணும்னா, அண்ணாச்சி பேசிக்கிட்டுல்லா இருக்கணும்?"